கூடவே வரும் மாமியார்

எல்லாம் தயார். மருமகளோடு வந்த மாமியாரை என்ன செய்வது என்பதுதான் தையற்காரிக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் அடிபடும் பெண்களுக்கு அவசரத்துக்குத் தங்க இடம் பிடித்துக் கொடுப்பது அவளுடைய இன்னொரு வேலை. கடையின் பெயர்ப்பலகையில் அது இருக்காது.

இடம் பிடிப்பதுகூட முடிந்துவிடும். நாலு காப்பகங்களுக்குப் போன் போட்டால் ஏதாவது ஒன்றில் கட்டில் காலியாகும். வீட்டைவிட்டுக் கிளம்புவதுதான் பெரும்பாடு. பெட்டியோடு படியிறங்குகிறவளைத் தெருவே பார்க்கும்.

அதற்குத்தான் தையல் கடை. கிளம்ப வேண்டியவள் இன்றைக்கு ஒரு பாவாடை கொண்டுவருவாள், நாடா மாற்ற. இன்னொரு நாள் ஒரு சேலை, ஓரம் அடிக்க. அதன் மடிப்பில் படிப்புச் சான்றிதழ். வரும் துணி திரும்பிப் போகாது. கடையிலேயே ஒரு பையில் சேரும். பை நிறைந்த பிறகு அவளும் ஒரு நாள் வந்து, பின்வாசலில் நிற்கும் வண்டியில் ஏறிவிடுவாள். சும்மா தையல் கடைக்குப் போனவளை யாரும் உடனே தேடமாட்டார்கள்.

இந்த மருமகளின் பையும் அப்படித்தான் நிறைந்தது. கட்டில் இன்று சாயங்காலம்வரைதான் அவளுக்கு. பிறகு வேறு யாருக்காவது போய்விடும். அவள் கணவன் வீடு திரும்புவதும் சாயங்காலம்தான். அவள் மணிக்கட்டில் போன மாதம் போட்ட கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஆனால் மாமியார் ஒட்டுப்புல் மாதிரி கூடவே வந்து, பெஞ்சில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எதிர்க்கடையில டீ நல்லாருக்கும். போய்க் குடிச்சிட்டு வாங்களேன்."

"நீ போய்க் குடி. நான் கடையைப் பாத்துக்கறேன்."

"இங்க நேரமாகும்மா. வீட்டுக்குப் போங்க."

"ஏன், அடுப்புல உலையா கொதிக்குது?"

மருமகள் மெஷின் பக்கம் குனிந்தாள். "விட்டுடுங்கக்கா. எனக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்."

தையற்காரி, மருமகள் அன்று கொண்டுவந்த மூட்டையைப் பிரித்தாள். மேலே இரண்டு சுடிதார். அடியில் மூன்று ரவிக்கைகள்.

அளவு வேறு. அக்குள் அகலம், உடம்பு தொளதொள.

மருமகளைப் பார்த்தாள். அவளும் விழித்தாள். அவள் வைத்தவை அல்ல.

மூன்று ரவிக்கைகளிலும் கையை மணிக்கட்டுவரை நீட்டி, வேறு துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. கோணல் மாணலான கைத்தையல். இந்த வெயிலில் முழுக்கை கேட்டு வருகிறவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று தையற்காரிக்குத் தெரியும்.

மெதுவாக பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்கறே? போன துணி ஒண்ணும் வீடு திரும்பல. எனக்குக் கண்ணு தெரியாதா?" மாமியார் தன் ரவிக்கைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "இவளும் போயிட்டா, அவனுக்கு அடிக்க வீட்ல வேற யாரு இருக்கா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை..."

"அழாதே, வண்டி நிக்குது." பிறகு தையற்காரியிடம், "மாத்திரையும் கண்ணாடியும் அந்த ரவிக்கைக்குள்ளதான் சுருட்டி வெச்சிருக்கேன். பாத்து மடி, உடைஞ்சுடப் போவுது."

தையற்காரி காப்பகத்துக்குப் போன் போட்டாள்.

"கட்டில் பக்கத்துல ஒரு பாய் போட்டு வைங்க. ரெண்டு பேர் வர்றாங்க."