சுவருக்கு அந்தப் பக்கம்

கிளவுடில் ஓடும் ஒரு லினக்ஸ் கணினியில் பத்து ஜிபி டிஸ்க் ஒன்று இருந்தது. அதில் ஃபைல்களுக்கு இடம் ஒதுக்கும் வேலையை ஃபைல்சிஸ்டம் பார்த்துவந்தது. இடம் நிரம்பி வழியவே, இஞ்சினியர் அருள்மொழி டிஸ்க்கை நூறு ஜிபியாகப் பெரிதாக்கிவிட்டு, வேலை முடிந்ததென்று சாப்பிடப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் புது ஃபைல் ஒன்று இடம் கேட்டு வந்து நின்றது. ஃபைல்சிஸ்டம் தயங்கித் தயங்கி, கணினியில் நடப்பதை வரி வரியாகக் குறித்துவைக்கும் லாக் ஃபைல்களில் இருப்பதிலேயே பழையதிடம் போனது.

"நீ கிளம்பணும்ப்பா. உன்னைத் திறந்து பார்த்தே ஆறு வருஷமாச்சு."

"முதல் நாள் இங்கே நாம ரெண்டு பேர்தான்," என்றது லாக் ஃபைல். "நான் ஒரு வரி எழுதினா எதிரொலி கேட்கும். ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. இடம்தான் இல்லை."

"இருக்கே," என்றது டிஸ்க். "பத்து ஜிபியோட நிக்குதே பார்ட்டிஷன் சுவர், அதுக்கு அந்தப் பக்கம் தொண்ணூறு ஜிபி சும்மா கிடக்கு. எட்டித்தான் பாரேன்."

"எனக்கு உத்தரவு வரலையே," என்றது ஃபைல்சிஸ்டம். லாக் ஃபைலை அழித்தது.

சாப்பிட்டு வந்த பிறகுதான் அருள்மொழிக்கு விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து இரண்டு கட்டளைகள் தட்டினார். முதல் கட்டளையில் சுவர் நகர்ந்தது. இரண்டாவது, ஃபைல்சிஸ்டத்துக்கு வந்த உத்தரவு.

அது மெல்ல அந்தப் பக்கம் போனது. ஒரு ஃபைல்கூட இல்லை.

"ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தது.

தொண்ணூறு ஜிபியும் அதையே திருப்பிக் கேட்டது.