பகல் தாலாட்டு

செண்பகவல்லியின் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனாலும் தொட்டிலை ஆட்டியபடி பாடிக்கொண்டே இருந்தாள்.

"ராசா கண்ணுறங்கு... வெயில் தாழ வந்துருவேன், வெரசாக் கண்ணுறங்கு..."

அடுத்த அறையில் ஆபீஸ் மீட்டிங்கை முடித்துவிட்டு, ஸ்ரீலட்சுமி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். எட்டு மாத அனுஷா வாயில் விரலோடு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பொண் குழந்தையைப் போயி ராசாங்கறியே செண்பகம், அதென்ன?"

"எங்க ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் இதே பாட்டுதான் சேச்சி."

சொல்லிவிட்டு ஒரு மூச்சு வாங்கி, மறுபடி ராசாவிடமிருந்தே ஆரம்பித்தாள்.

இப்படி ஒரு ஆள் கிடைத்ததில் ஸ்ரீலட்சுமிக்கு ரொம்பத் திருப்தி. முன்பு இருந்தவள் எந்நேரமும் போனும் கையுமாக இருந்ததால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவள். இவளுடைய போனோ தொட்டில் பக்கத்து ஜன்னலில், சார்ஜில் குப்புறக் கிடக்கும். பாடும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

செண்பகவல்லிக்கு சங்கரன்கோவில் பக்கம். புருஷன் விட்டுப்போன பிறகு இந்த மலையாள மண்ணுக்குப் பிழைக்க வந்தவள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. கைப்பிள்ளைக்காரி என்று தெரிந்ததும் இரண்டு வீடுகளில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் ஸ்ரீவராகத்தில் இருக்கும் இந்த வீட்டில், "பிள்ளைங்க ஊர்ல இருக்கு" என்று முந்திக்கொண்டு சொல்லித்தான் சேர்ந்தாள். இந்த வேலையும் போனால் அறையைக் காலி செய்துவிட்டு, தம்பானூர் ரயில் ஸ்டேஷனில்தான் படுக்க வேண்டும்.

விடியுமுன் எழுந்த உடம்பு. கண்கள் தாமாகச் சொருகின, வாய் மட்டும் பாடியது. பாவம், யாராவது அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால் தேவலை.

பெற்ற பிள்ளைக்குக்கூட ஒருத்தி இவ்வளவு பாடுவாளா என்று நினைத்தபோது ஸ்ரீலட்சுமிக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"போதும் செண்பகம். தொண்டை போயாச்சு, கேட்டியா. அவதான் அப்பவே ஒறங்கியாச்சே, போய் ரெண்டு வாய் சாப்பிடு."

"இன்னும் கொஞ்சம் பாடிட்டு வாரேன் சேச்சி."

"சொன்னா கேக்க மாட்டியா? நிறுத்து, நான் பாத்துக்கறேன்."

உரிமையோடு அதட்டிவிட்டு, தொட்டில் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள், ஸ்ரீலட்சுமியைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் பாட்டை நிறுத்தினாள்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, குப்புறக் கிடந்த போனிலிருந்து ஒரு சிறுமியின் குரல்.

"ஏம்மா நிறுத்திட்ட? தம்பி இன்னும் ஒறங்கல."