டக்கின் கால்சட்டை

கார்ட்டூனில் குண்டு டக் குளியலறைக்குள் கால் வைத்ததுமே கெலெபி எழுந்து வெளியே போய்விட்டான்.

கிளெனிஸ் டீச்சர் வருகைப் பதிவேட்டை இழுத்து, அவன் பெயருக்கு நேராக ஆப்சென்ட் போட்டாள். பாதியில் போனால் வந்ததாகக் கணக்கில்லை. இது ஏழாவது தடவை.

ஆஸ்திரேலியாவின் ராபின்வேல் ஊரில், சமூகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஆங்கில வகுப்பு. டோங்கா தீவுகளிலிருந்து திராட்சை பறிக்க வந்தவர்கள்தான் மாணவர்கள். ஊருக்கே அந்த ஒரு வகுப்புதான்.

பாடப் புத்தகமெல்லாம் கிளெனிஸுக்கு ஆகாது. சிரித்தால் வார்த்தை மறக்காது என்பது அவள் கட்சி. அதனால் டக் என்றொரு ஆளை அவளே வரைந்து, வீடு முழுக்க வழுக்கி விழ வைத்திருந்தாள். ஏணி, வாளி, துடைப்பம், இஸ்திரிப் பெட்டி என்று எதில் ஆரம்பித்தாலும் கடைசிக் கட்டத்தில் டக்கின் கால்சட்டை கழன்றுவிடும். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வார்த்தைகளும் நிஜமாகவே மனதில் ஒட்டிக்கொண்டன, அதைக் குறை சொல்ல முடியாது.

கெலெபி மட்டும் கால்சட்டை கழல்வதற்குள் கதவைத் தாண்டியிருப்பான்.

அவன் எழும்போதெல்லாம் முன்வரிசையில் இருக்கும் லூபேயும் பாதி எழுவாள். அவன் போய்விட்டதைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொள்வாள். கதவு சாத்திய பிறகுதான் சிரிப்பாள், அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்தப் பெண் அவனைக் கண்டு நடுங்குகிறாள் என்று கிளெனிஸ் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். பிற பண்பாடுகளை மதிப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி எடுத்தவளாயிற்றே. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, கரும்பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டியும் வைத்திருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் குழாயடியில் நின்றிருந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு என்னதான்பா பிரச்சினை? பொம்பளை பாடம் நடத்தினா பிடிக்கலையா?”

கெலெபி தரையைப் பார்த்தான். “அப்படியில்ல டீச்சர்.”

“அப்ப படம் புரியலையா?”

“புரியுது டீச்சர்.”

“புரிஞ்சுமா எழுந்து போற? சர்ட்டிபிகேட் இல்லேன்னா பேக்கிங் ஷெட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க. நாப்பத்திரண்டு டிகிரி வெயில்ல கொடிக்கு நடுவுலயே காய வேண்டியதுதான். தெரியுமில்ல?”

“தெரியும் டீச்சர்.”

“இந்த நாட்டுல பொம்பளைங்களுக்கு மரியாதை கொடுக்கணும். முதல்ல அதைக் கத்துக்கோ.”

“சரி டீச்சர்.”

அந்தச் ‘சரி’யில்கூட அவளுக்குத் திமிர்தான் தெரிந்தது.

வகுப்புகள் முடிந்தன. லூபேதான் முதலிடம். கெலெபிக்குச் சான்றிதழ் இல்லை என்று கடிதம் போனது. வருகை போதாது என்று எழுதினாலே போதும். ஆனால் கிளெனிஸுக்கு மனம் ஆறவில்லை. கடைசியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துத்தான் உறையை ஒட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை பேக்கிங் ஷெட் சீருடையில் லூபே வந்து நின்றாள். கிளெனிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“இனிமே நீ யாருக்கும் பயப்பட வேண்டாம்மா. அந்தக் கெலெபி மாதிரி ஆளுங்களை ஒரு பொருட்டாவே நினைக்காதே.”

“அவன் என் தம்பி டீச்சர்.”

கிளெனிஸின் கை தானாக விலகியது. “தம்பியா? ரெஜிஸ்டர்ல குடும்பப் பேரு வேறயா இருக்கே?”

“எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அதான். எங்க ஊர்ல அக்காவும் தம்பியும் ஒண்ணா உட்கார்ந்து இந்த மாதிரி படமெல்லாம் பார்க்க மாட்டாங்க. கூடப் பிறந்தவளுக்கு அது மரியாதை இல்ல. யாராவது ஒருத்தர் எழுந்து போயிடணும். நான் போயிடலாம்னுதான் எழுந்திருப்பேன். ஒரு தடவைகூட அவன் என்னை முந்த விடல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“வாய்விட்டுச் சொல்லவே எங்களுக்குக் கூச்சம். நீங்க வேற யாரையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நீங்க கேக்கல.”

கிளெனிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகக் கேட்டாள். “அவனுக்கு... அந்த லெட்டர் வந்துச்சா?”

“வந்துச்சு. அவனுக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. நான்தான் படிச்சு அர்த்தம் சொன்னேன். நீங்க சொல்லிக் கொடுத்ததால எல்லாமே நல்லாப் புரிஞ்சுது.”

லூபே வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“பொம்பளைங்களை மதிக்கத் தெரியாதவன்னு கடைசியில எழுதியிருந்தீங்களே டீச்சர், அந்த ஒரு வரியை மட்டும் நான் அவனுக்குப் படிச்சுச் சொல்லல.”