பேர் இருக்கு, ஆள் இல்லை

“வாப்பா, திரும்பவும் அதையேதான் சொல்லுது!”

ஜெனீரா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் உடைந்தது.

பதுளைக் கடைவீதியில், மஹ்ரூபின் துணிக்கடைக்கு மேல்மாடி. 1988ஆம் ஆண்டு. தன் மகள் ஜெனீரா நடத்துவதற்காக மஹ்ரூப் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வகுப்பைத் தொடங்கியிருந்தார். அன்று திறப்பு. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பெற்றோர்கள் வருவார்கள். இன்னும் முக்கால் மணி நேரம்தான்.

“பிழை ஒண்டும் இல்லண்டு சொன்னிச்சே மகள்?”

“எழுதினதை எல்லாம் பார்த்துட்டுச் சரிண்டுதான் சொல்லுது, வாப்பா. பொறகு எல்லாத்தையும் ஒண்டாச் சேர்க்கப் போற நேரம், மூணு பேரைச் சொல்லி, காணல்லண்டு நிண்டுடுது.”

நாற்காலியில் சாய்ந்திருந்த புஹாரி சிரித்தார். ஜெனீராவின் தாய்மாமன்.

“துணியா இருந்தா இழுத்துப் பார்த்துச் சொல்லிடுவீங்க மச்சான். இது மூடின பெட்டி. பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குண்டு அண்டைக்கே கேட்டேன்.”

மஹ்ரூப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வரப்போகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள். இன்றைக்கு அந்தப் பெட்டி வேலை செய்யாவிட்டால், எந்த வீட்டுப் பெண்பிள்ளையும் இந்தப் படியில் ஏற மாட்டாள். ஜெனீராவும் இறங்கிவிடுவாள்.

வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, அதைப் போட்டு வரவேற்கிற சின்னப் புரோகிராம்தான் அது. ஜெனீரா கொழும்பில் படித்த இடத்திலிருந்து வாங்கி வந்தது. காலையில் அதில் ஒரு வரியை மாற்றி எழுதினாள்; மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்க வேண்டும். அதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

டிஸ்க் வந்த உறையை மஹ்ரூப் புரட்டிப் பார்த்தார். ‘சந்தேகம் வந்தால் கேட்க’ என்று எழுதி, கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸ் நம்பரும், ‘இராமையா’ என்ற பெயரும் இருந்தன.

“பிஸ்மில்லாஹ்” என்று சொல்லிப் போனை எடுத்தார்.

“ஹலோ, இராமையா சேர் இருக்காங்களா?”

மறுமுனையில் யாரோ வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“இராமையாதாங்க பேசுறேன்.”

மஹ்ரூப் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்க முதலாளி. மொதல்ல சரின்னு சொல்லிடுச்சுங்களா?”

“சொல்லிட்டுது சேர்.”

“சேர்க்கிறப்போதான் பேரைச் சொல்லி, காணோம்னுச்சுங்களா?”

“அதே, அதே!”

“அப்ப எழுதினதுல குத்தமே இல்லைங்க. புள்ளைய அழ வேணாம்னு சொல்லுங்க.”

மஹ்ரூப் திரும்பிப் பார்த்தார். ஜெனீரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அழுறது உங்களுக்கு எப்பிடித் தெரியும் சேர்?”

“அந்த எடத்துக்கு வந்தா மொதத் தடவ எல்லாருக்கும் அழுகை வருமாம்ங்க. இதைக் கேளுங்க. தோட்டத்துல காலையில பெரட்டுக் களத்துல பேர் வாசிப்பாங்க. செக்ரோல் புத்தகத்துல பேரெல்லாம் சுத்தமா எழுதியிருக்கும். ஆனா ஆள் வந்து நிக்கணும்ல? ஆள் லயத்து வீட்டுல படுத்துக் கெடந்தா, பேரை மட்டும் மலைக்கு அனுப்பிக் கொழுந்து எடுக்க முடியுமா?”

“முடியாதுதான்.”

“ஒங்க புரோகிராமும் மூணு பேரைக் கூப்பிட்டிருக்கு. மூணு பேரும் பெரட்டுக்கு வரல. அவங்க வேற டிஸ்க்ல இருப்பாங்க. மொத்தம் ரெண்டு டிஸ்க் இருக்கணுமே. ரெண்டையும் போட்டிருக்கீங்களா?”

மஹ்ரூப் கேட்டதை அப்படியே மகளிடம் சொன்னார்.

“ரெண்டா? என்ட கையில ஒண்டுதானே இருக்கு? வாப்பா… உறையைப் பிரிச்சது நீங்கதானே?”

மஹ்ரூபின் முகம் வெளுத்தது. கடையில் ஒரே மாதிரி இரண்டு பட்டுச் சேலை வந்தால், ஒன்றை வெளியில் தொங்கவிட்டு, மற்றதைப் பூச்சி உருண்டை போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது இருபது வருடப் பழக்கம். டிஸ்கும் ஒரே மாதிரி இரண்டுதானே என்று நினைத்துவிட்டார்.

போனை மேசையில் வைத்துவிட்டுத் தடதடவென்று படியிறங்கி ஓடினார். வேர்க்க வேர்க்க ஏறி வந்தார்.

புஹாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். “பூச்சி உருண்டை வாசம் கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொள்ளுமா மச்சான்?”

ஜெனீரா இரண்டாவது டிஸ்கை அடுத்த வாயில் செருகினாள். பெட்டி கரகரவென்று முனகியது. திரையில் ஒரு வரி ஓடியது. குறை எதையும் சொல்லாமல், பெயரைக் கேட்டு நின்றது.

அவள் ‘புஹாரி’ என்று ஆங்கிலத்தில் தட்டினாள். ‘வெல்கம், புஹாரி’ என்று பதில் வந்தது.

புஹாரி எழுந்து வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். திரையையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னொரு தரம் போடு மகள்,” என்றார் மெதுவாக. பிறகு, “என்ட மகள் றஷீனாட பேரையும் வகுப்புக்கு எழுதிக்கோ. மொதப் பேரா எழுது.”

மஹ்ரூப் போனை எடுத்தார்.

“சேர், வேலை செய்யுது! என்ட புள்ளைய நாலு பேருக்கு முன்னால தல நிமிர வச்சிட்டீங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்லதையே தரோணும். கிழமையில ஒரு நாள் வந்து எங்கட புள்ளைகளுக்கும் படிச்சுக் குடுங்க. சேர்ட ஆபீஸ்ல என்ன கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்க?”

மறுமுனையில் கூச்சமான ஒரு சிரிப்பு.

“ஐயோ, நான் அதைக் கண்ணால கண்டதே இல்லைங்க முதலாளி, இந்த ஆபீசைக் கூட்டித் தொடைக்கிறவன்ங்க நான். அந்தப் புரோகிராமை எழுதினது எம் மக, கொழும்புல படிக்குது. லீவுல வந்தா இங்கதான் பேச முடியும்னு இந்த நம்பரைக் குடுத்திருக்கு. படிக்கிறதையெல்லாம் அப்பனுக்கும் வெளங்கணும்னு வாரா வாரம் கடுதாசி எழுதும்ங்க; முப்பத்தேழு கடுதாசியும் எனக்கு மனப்பாடம்!”