அரை கிரெடிட்

"கணக்கு, அறிவியல் எல்லாம் முடிஞ்சது. குழந்தை வளர்ப்புப் பாடம்தான் பாக்கி. அதுக்கான அரை கிரெடிட் இல்லாம பட்டமளிப்பு மேடை ஏற முடியாது, டெலைலா" என்றார் பள்ளி ஆலோசகர் திருமதி ஹால்வர்சன்.

"அது கடைசி பீரியட்ல வருது மிஸ். அந்த நேரத்துக்கு நான் வீட்ல இருந்தாகணும். விட்டுடுங்களேன்."

"பதினேழு வயசுல அப்படி என்ன வீட்டு வேலை? பொறுப்புன்னா என்னன்னு தெரிய வேணாமா?"

அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழந்தையை எடுத்து நீட்டினார்.

"இதுதான் அந்தப் பாடத்தோட செய்முறைத் தேர்வு. ஒரு வாரம் இது உன்கூடத்தான் இருக்கும். ராத்திரி அழும். எந்திரிச்சுப் பால் கொடுக்கணும், துணி மாத்தணும். நீ எவ்வளவு நேரம் அழ விட்டேங்கிறதை உள்ள இருக்கிற சிப் போட்டுக் கொடுத்துடும்."

டெலைலா வாங்கிக்கொண்டாள். அவள் கை தானாகவே பொம்மையின் கழுத்தைத் தாங்கியது.

"கொண்டு போறேன் மிஸ். ஆனா வீட்ல தொட்டில் ஒண்ணுதான் இருக்கு. என் பொண்ணை எங்கே படுக்க வைக்கிறது?"

ஹால்வர்சன் திகைத்துப்போனார். முகம் மெல்ல இளகியது.

"அடப் பாவமே... உனக்குக் குழந்தை இருக்கா?" என்றவர், உடனே உதட்டைப் பிதுக்கினார்.

"ஆனா அவளுக்குள்ள சிப் இல்லையேம்மா. நான் எதை வெச்சு மார்க் போடறது?"