ஆளுக்கு ரெண்டு

"ஆறு பாட்டிலா!"

லக்கேஜ் பெல்ட் பக்கத்துல நின்னுக்கிட்டே டியூட்டி ஃப்ரீ பையைப் பிரிச்சுப் பார்த்த மகளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

"மெதுவா பேசும்மா." அப்பா அக்கம்பக்கம் பார்த்தாரு.

"ஏன் மெதுவா? வாங்கும்போது வராத வெக்கம் இப்ப மட்டும் வருதா? அம்மா போய் முழுசா ஏழு மாசம் ஆகலை. கடை வைக்கிற மாதிரி வாங்கியிருக்கீங்க!"

யாரோட பெட்டியோ தனியா சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்பா அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

இந்த ஊமைத்தனம்தான் அவளுக்கு ஆகாது. வெளிநாட்டுல அண்ணன் வீட்டுல மூணு வாரம் இருந்தாங்க. அப்பா பேரனுக்கு யானையா மாறினாரு. அண்ணன் அடிச்ச மொக்கை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவ மட்டும் பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு, யாருக்கும் கேக்காம அழுதா.

"மூணு வாரத்துல ஒரு தடவையாவது அம்மா பேரு உங்க வாயில வந்துச்சா?"

அப்பா பிரிச்ச பையை மறுபடி மூடினாரு.

"வராது. நான் வீட்டுக்கு வரலை. இங்கேருந்து நேரா ஹாஸ்டல். இனிமே லீவுக்கும் வரமாட்டேன். நீங்களும் உங்க பாட்டிலும் ஜாலியா இருங்க."

"சரிம்மா."

'ஏன்டா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆறியிருப்பா. இந்த 'சரிம்மா' இன்னும் ஏத்தி விட்டுச்சு.

"வீட்டுல ஒருத்தி சட்டம் படிக்கறா, உங்களுக்கு இதுகூடத் தெரியலை. வரி இல்லாம ஆளுக்கு ரெண்டுதான் அளவு. உங்களுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. மிச்ச ரெண்டு எந்த மகராசனுக்கு?"

அப்பா பையைப் பார்த்தாரு. விரலை மடக்கி எண்ணினாரு. மூணாவது விரல்ல அப்படியே நின்னுட்டாரு. முகம் வெளுத்துப்போச்சு.

"ரெட் சேனல்ல போவோம்மா. டியூட்டி கட்டிடறேன்."

"குடிக்கிறதுக்கு வரி வேறயா? தூக்கி அந்தக் குப்பைத் தொட்டியில போடுங்க!"

"அதை மட்டும் சொல்லாத."

மூணு வாரத்துல முதல் தடவையா அவர் குரல் உயர்ந்துச்சு.

ரெட் சேனல்ல ஈ காக்கா இல்ல. கவுன்டர்ல கஸ்டம்ஸ் அதிகாரியம்மா மட்டும் ஆறிப்போன டீயோட உக்காந்திருந்தாங்க.

"என்ன சார், வழி தெரியாம வந்துட்டீங்களா? எல்லாரும் க்ரீன் சேனல் பக்கம்தானே ஓடுவாங்க?"

"ரெண்டு பாட்டில் அதிகமா இருக்கும்மா."

அவங்க பாஸ்போர்ட்டைப் புரட்டினாங்க. "வருஷா வருஷம் போயிட்டு வர்றீங்க. அளவு தெரியாதா உங்களுக்கு?"

"அப்படிக் கேளுங்க மேடம்!" மகள் எடுத்துக் குடுத்தா.

அப்பா கவுன்டர் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டாரு.

"தெரியும்மா. எப்பவும் நானும் என் வீட்டுக்காரியும்தான் போவோம். எனக்கு ரெண்டு, அவளுக்கு ரெண்டு. 'என் பேர்ல எதுக்கு இந்தக் கருமம்'னு திட்டிக்கிட்டே, புடவையில சுத்தித் தூக்கிட்டு வருவா. இந்தத் தடவைதான் முதல் தடவையா பொண்ணும் வந்தா. அதான் ரெண்டு சேர்த்து ஆறா எடுத்தேன். கடையில எனக்குத் தப்பாவே தெரியலை. இவ கேட்டப்பதான் எண்ணிப் பார்த்தேன்... அவ இல்ல."

மகள் பையில இருந்த பாட்டிலை ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்தா.

அதிகாரி குரல் தணிஞ்சு போச்சு. "டியூட்டி பாட்டில் விலையைவிட அதிகமா வரும் சார். பேசாம ரெண்டையும் இங்கயே விட்டுட்டுப் போயிடுங்களேன்."

"அவளோடதை எப்படிம்மா விட்டுட்டுப் போறது?"

அதிகாரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாங்க.

"விலாசம் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

அப்பா தரையைப் பார்த்தாரு.

"ஒரே வீடுதான்," மகள் சொன்னா.

"ரசீது யார் பேர்ல போடட்டும்?"

"அம்மா பேர்ல போடுங்க மேடம். அப்பா, பேரு கேக்கறாங்கல்ல? சொல்லுங்க."

அப்பா சொன்னாரு. ஏழு மாசத்துல முதல் தடவை. பாதிப் பேரிலேயே குரல் உடைஞ்சுது.

அதிகாரி தயங்கினாங்க. "இல்லம்மா... கூட வந்தவங்க பேர்லதான் போட முடியும்."

மகள் புறங்கையால கண்ணை அழுத்தித் துடைச்சா. அப்பாவை ஒட்டி நின்னு, ரெண்டு கையையும் கவுன்டர் மேல ஊணிக்கிட்டு சண்டைக்குத் தயாரானா.

"அவங்க வரலைன்னு யாரு மேடம் உங்ககிட்ட சொன்னது?"