மாலைக் கோச்சிக்கு ஒரு மகஜர்

"இப்ப வேணாம் ஐயா. அசர் தொழுதிட்டு வந்து, ஆறுதலா வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வைக்கிறேனே" என்றார் சாஹுல் ஹமீது.

"நேத்தே வாசிச்சீங்களே?"

"நேத்து கண்ணாடி இல்லாம வாசிச்சது. ஒக்காருங்க, பிளேன்டி குடிச்சிட்டுப் போகலாம். நுஸ்ஹா, ஐயாவுக்குக் கருப்பட்டியும் கொண்டு வா மகள்."

கிருஷ்ணராஜ் இந்தப் பலசரக்குக் கடைக்கு வருவது இது ஐந்தாவது தடவை. ஐந்து தடவையும் தேநீர் கிடைத்தது. கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் மாலைக் கோச்சி அந்த ஊரின் சின்ன ஸ்டேசனில் நிற்பதில்லை. டவுனில் வேலை செய்யும் பிள்ளைகள் அடுத்த ஸ்டேசனில் இறங்கி, இருட்டிக்கொண்டு வரும்போது தண்டவாளத்தோரமாகத் திரும்பி நடக்க வேண்டும். போன மழைக்கு சிந்துஜா என்ற பிள்ளை வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கோச்சியை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மகஜர்.

டவுனில் மருந்துக் கடையில் வேலை செய்யும் சஞ்சீவனிதான் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மாநகர சபையில கிளார்க்கா இருந்தவர் நீங்க அங்கிள். வீடு வீடாப் போய் இத ஒழுங்காச் செய்ய எங்க ஊர்ல வேற ஆள் இல்ல."

அவருக்கு வீடு வீடாகப் போய்ப் பழக்கமில்லை. முப்பது வருஷம் அங்கே குடியிருந்தும் ஒரு வீட்டுப் படி ஏறியதில்லை. நல்லது கெட்டது எல்லாம் மனைவி கமலத்தின் பொறுப்பு. அவர் பாதையில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. கமலம் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். பிள்ளைகளும் இல்லை. தலையாட்டுவதும் நின்றுபோயிருந்தது.

என்றாலும், காரியாலய வேலை என்றதும் கை தானாக நீண்டது. மறுநாள் காலையிலேயே முகம் மழித்து, சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

ஹமீது கடையில் அப்படி என்றால், இராஜேஸ்வரி வீட்டில் வேறு மாதிரிக் கதை.

"எங்க வீட்டுக்காரர் வந்துறட்டும்ங்க. ரெண்டு பேரும் சேந்தே போட்டுருறோம்."

"முந்தாநாள் அவர் இருந்தாரே. நீங்க இல்லன்னு சொன்னாரே."

"அப்படியா சொன்னாரு? சரி, ரொட்டி சுட்டுட்டேன். சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. நாளைக்கு வாங்க."

ஒரு மாதம் இப்படியே போனது. அறுபது வீடுகளில் பதினோரு கையெழுத்து. அதுவும் அண்மையில் வாடகைக்கு வந்த மூன்று குடும்பங்களுடையது. பழைய ஆட்கள் ஒருவர்கூடப் போடவில்லை. ஒரு வீட்டில் கல்யாண அல்பத்தைக் காட்டினார்கள். இன்னொரு வீட்டில் மின்சாரக் கட்டணத்துக்கு முறைப்பாடு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். கையெழுத்தைக் கேட்டால், நாளைக்கு.

"தங்களுக்கு வேண்டிய கோச்சிக்கே ஒரு கையெழுத்துப் போட மாட்டாங்களாம். இந்தச் சனத்துக்கு நடைதான் சரி" என்று ஒருநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் சத்தமாகவே சொன்னார். ஆமாம் போட ஆளில்லாத வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் வெட்கத்தை விட்டு, பதினோரு கையெழுத்தோடு கண்டிக்குப் போனார். ரயில்வே காரியாலயத்தில் சந்திரிகா என்ற அம்மா சிங்களத்தில் பொறுமையாக விசாரித்தார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒரு கோப்பை எடுத்தார்.

"இது முடிஞ்ச விஷயமே. முதலாம் திகதியிலிருந்து மாலைக் கோச்சி அங்க நிக்கும். போன கிழமையே கடிதம் அனுப்பிட்டோம்."

கோப்பில் வேறொரு மகஜர் இருந்தது. ஆறு பக்கம் கையெழுத்து. முதலாவது சாஹுல் ஹமீதுடையது. அதற்கு நாலு வரி கீழே இராஜேஸ்வரி, பக்கத்திலேயே அவள் புருஷன். திகதியைப் பார்த்தார். சஞ்சீவனி அவர் வீட்டுக்குத் தாள் கொண்டுவந்ததற்கு மூன்று நாள் முந்தியது.

படி இறங்கினார். கோச்சி நிற்கப்போகிறது என்ற சந்தோஷம் வரவே இல்லை. நேரே மருந்துக் கடைக்குப் போய் சஞ்சீவனியை வெளியே கூப்பிட்டார்.

"எல்லாரும் முன்னமே போட்டாச்சு. கோச்சியும் கிடைச்சாச்சு. அப்ப என்னை எதுக்கு ஒரு மாசமா மேடும் பள்ளமும் ஏறி இறங்க வச்சீங்க? ஊரே சேந்து சிரிச்சீங்களா?"

அவள் தலை குனிந்தாள்.

"யாரும் சிரிக்கல அங்கிள். கமலம் ஆன்ட்டி போன பொறகு சாப்பாடு கொண்டு வந்தோம், வேணாம்னீங்க. கோயிலுக்குக் கூப்பிட்டோம், வரல. ஹமீது நானா மூணு தடவை வந்து தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போனாரு. வேலைன்னு ஒண்ணு கொடுத்தா வெளிய வருவீங்கன்னு அவர்தான் சொன்னாரு."

கிருஷ்ணராஜுக்குக் கோபம் அடங்கவில்லை.

"சரி, அப்படியே இருக்கட்டும். அந்தக் கையெழுத்த எனக்கும் ஒரு தடவை போட்டுக் குடுத்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?"

"போட்டுட்டா, மறுநாள் வர மாட்டீங்களே அங்கிள்."